பந்து யாருடையது?

(நம் முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பு விழாவில், வணிகவியல் துறை 1986–89 அணியைச் சேர்ந்த ஆடிட்டர் நண்பர் ஆற்றிய உரை. பேச்சு நடை மாறாமல் அப்படியே தருகிறோம்.)



சங்கச் செயலாளர் போன மாதம் போன் செய்து, "பிள்ளைகளின் எதிர்காலம் என்ற தலைப்பில் இருபது நிமிஷம் பேசணும். வருமான வரி பற்றி மட்டும் பேசிவிடாதே" என்றார். ஆடிட்டரைப் பேசக் கூப்பிட்டுவிட்டு வரியைப் பற்றிப் பேசாதே என்றால் வேறு என்ன பேசுவது? யோசித்துப் பார்த்தேன். வீடியோ கேம் பற்றிப் பேசப் போகிறேன்.

சிரிக்கிறீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் இங்கே இருக்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் இந்தப் பிரச்சினை இருக்கிறது என்று காலையில் டிபன் சாப்பிடும்போதே தெரிந்துகொண்டேன்.

2023 தீபாவளிக்குப் பொள்ளாச்சியில் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலிலேயே அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றது. அக்கா மகன் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். படிப்பை நிறுத்திவிட்டு முழு நேரமும் கேம் ஆடப் போகிறேன் என்கிறான். நான்கு பேர் சேர்ந்து ஒரு டீம் வைத்திருக்கிறான்களாம். "நீ சொன்னாத்தான் கேப்பான், நீயே சொல்லு" என்றது அக்கா.

பையனைக் கூப்பிட்டேன். அவன் தயாராகத்தான் இருந்தான்.

"மாமா, இது பொழுதுபோக்கு இல்லைங்க. இதுக்கு இ-ஸ்போர்ட்ஸ்னு பேரு. இந்த வருஷம் ஹாங்சோ ஏசியன் கேம்ஸ்ல இதுக்கு மெடலே குடுத்தாங்க."

உண்மைதான். எனக்குத்தான் தெரியவில்லை. நான் எனக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டேன். "சரி கண்ணு. காசு எங்கிருந்து வருது?"

"பரிசுப் பணம், ஸ்பான்சர்ங்க."

"அந்தக் காசு அவங்களுக்கு எங்கிருந்து வருது?"

பதில் இல்லை. "வா, ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம்" என்றேன். லீவு முடியும்வரை உட்கார்ந்தோம். விளையாட்டை அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். கணக்கை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அப்போது நாங்கள் கண்டுபிடித்ததைத்தான் இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் கொரியாவுக்குப் போவோம். இந்தத் தொழில் பெரிதாக வளர்ந்த ஊர் அதுதான். 1998-இல் கலிபோர்னியாவில் இருக்கும் பிளிசார்ட் என்ற கம்பெனி 'ஸ்டார்கிராஃப்ட்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை வெளியிட்டது. அதற்கு முந்தைய வருஷம்தான் கொரியாவில் பெரிய நிதி நெருக்கடி. தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் மையங்கள் முளைத்தன. பி.சி. பாங் என்பார்கள். நம் ஊர் பிரவுசிங் சென்டர் மாதிரி. இளைஞர்கள் அங்கே போய் இதை ஆடினார்கள். ஆடுகிறவனைப் பார்க்கக் கூட்டம் கூடியது. கூட்டம் கூடினால் டி.வி. வராமல் இருக்குமா? இரண்டு கேபிள் சானல்கள் இதையே முழு நேரத் தொழிலாக எடுத்துக்கொண்டன. 2000-இல் கொரிய இ-ஸ்போர்ட்ஸ் சங்கம் ஏற்பட்டது. சாம்சங், எஸ்.கே. டெலிகாம், கே.டி. எல்லாம் டீம் வைத்தன. கொரிய விமானப்படையே ஒரு டீம் வைத்திருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இத்தனையும் கட்டியது பிளிசார்ட் இல்லை. கொரியாக்காரர்கள் கட்டினார்கள். 2007-இல் அந்தச் சங்கம் ஒளிபரப்பு உரிமையை விற்க ஆரம்பித்தது. அப்போதுதான் கலிபோர்னியாவில் இருந்தவர்கள் கேட்டார்கள்: "ஐயா, எங்கள் விளையாட்டின் ஒளிபரப்பு உரிமையை விற்க நீங்கள் யார்?"

சங்கத்தின் வாதம், விளையாட்டு என்றால் அது பொதுச்சொத்து. கம்பெனியின் வாதம், இது நாங்கள் எழுதிய புரோகிராம், திரையில் தெரியும் ஒவ்வொரு படமும் எங்கள் காப்புரிமை. பேச்சுவார்த்தை முறிந்தது. 2010-இல் பிளிசார்ட் வேறொரு நிறுவனத்துக்கு உரிமையைக் கொடுத்துவிட்டு, அந்த இரண்டு சானல்கள் மேலும் வழக்குப் போட்டது. 2011 மே மாதம் சமரசம் ஆனது. கம்பெனியிடம் லைசென்ஸ் வாங்கி ஒளிபரப்புவது என்று முடிவாயிற்று. பத்து வருஷம் உழைத்துக் கட்டிய வீட்டுக்கு, மனை யார் பேரில் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாவது கதை. மற்றவன் கட்டினால்தானே தகராறு, நாமே கட்டிவிடுவோம் என்று அதே கம்பெனி நினைத்தது. அப்போது அதன் பெயர் ஆக்டிவிஷன் பிளிசார்ட். 2016-இல் 'ஓவர்வாட்ச்' என்ற விளையாட்டை வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஓவர்வாட்ச் லீக் தொடங்கியது. நம் ஐ.பி.எல். மாதிரியே ஊருக்கு ஒரு டீம். லண்டன், சியோல், ஷாங்காய், பாஸ்டன் என்று முதல் வருஷம் 12 டீம். அடுத்த வருஷம் 20. ஒரு டீமுக்கு நுழைவுக் கட்டணம் 2 கோடி டாலர் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. அமெரிக்கக் கால்பந்து டீம் வைத்திருக்கும் ராபர்ட் கிராஃப்ட் போன்ற பெரிய மனிதர்களே வாங்கினார்கள்.

கம்பெனியைக் குறை சொல்லக்கூடாது. ஆட்டக்காரர்களுக்கு நல்லது செய்தார்கள். வருஷத்துக்குக் குறைந்தபட்சம் 50,000 டாலர் சம்பளம், மருத்துவக் காப்பீடு, ஓய்வுக்காலச் சேமிப்பு. பதினெட்டு வயசுப் பையன்களுக்கு இது பெரிய விஷயம். முதல் வருஷத்து இறுதிப் போட்டி நியூயார்க் புரூக்ளினில், கூடைப்பந்து நடக்கிற பெரிய அரங்கில் நடந்தது.

அப்புறம் கொரோனா வந்தது. ஊர் ஊராகப் போட்டி நடத்தி டிக்கெட் விற்கலாம் என்ற திட்டம் 2020-இல் படுத்துவிட்டது. ஆனால் நோய் மட்டும் காரணம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் 2023 ஜூலையில் அந்தக் கம்பெனி வெளியிட்ட காலாண்டுக் கணக்கைப் படித்தேன். அதில் ஒரு வரி. லீக் மூலம் வரும் மொத்த வருமானம், கம்பெனியின் மொத்த வருமானத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

அந்த வரியைப் பையனிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தான்.

நண்பர்களே, நீங்களும் வியாபாரம் பார்க்கிறவர்கள். இருபது டீம், நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், வர்ணனையாளர்கள், இத்தனை பேர் வாழ்க்கையும் முதலாளியின் பேரேட்டில் ஒரு சதவீதம்கூட இல்லை. கஷ்டம் வந்தால் எந்தச் செலவை முதலில் வெட்டுவீர்கள்? அதைத்தான் அவர்களும் செய்தார்கள். டீம் முதலாளிகளிடம் ஓட்டெடுப்பு வைத்தார்கள். தொடர விரும்பாத டீமுக்கு 60 லட்சம் டாலர் கொடுத்து அனுப்பிவிடுவது என்று ஏற்பாடு. நாங்கள் பொள்ளாச்சியில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்த அதே நவம்பரில் லீக் முடிவுக்கு வந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனியையே சுமார் 6,900 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது.

இவர்களாவது ஓட்டெடுப்பு வைத்தார்கள். இதே கம்பெனியின் இன்னொரு விளையாட்டு 'ஹீரோஸ் ஆஃப் தி ஸ்டார்ம்'. அதற்குக் கல்லூரி மாணவர்களுக்கென்றே ஒரு போட்டி நடத்தினார்கள். ஜெயித்த டீமுக்குக் கல்லூரிக் கட்டணம் பரிசு. 2015-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் ஜெயித்தது. ஈ.எஸ்.பி.என். சானலில் காட்டினார்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குத் தனியாக உலகளவில் ஒரு போட்டித் தொடர் இருந்தது. 2018 டிசம்பர் 13-ஆம் தேதி ஒரு அறிவிப்பு: அடுத்த வருஷம் இரண்டு போட்டியும் கிடையாது. அதில் சம்பாதித்துக்கொண்டிருந்த பல பேர், அந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் தங்கள் வேலை போன விஷயத்தைத் தெரிந்துகொண்டதாக வெளிப்படையாகவே சொன்னார்கள். ஒரு மாசம் நோட்டீஸ்கூட இல்லை.

அப்படியானால் கேம் கம்பெனி எதற்காகப் போட்டி நடத்துகிறது? இதைப் புரிந்துகொள்ள நாம் அமெரிக்கா போக வேண்டியதில்லை. நம் கோயம்புத்தூர் மில்களும் பம்ப்செட் கம்பெனிகளும் அந்தக் காலத்தில் வாலிபால் டீம், கூடைப்பந்து டீம் வைத்திருந்தது நினைவிருக்கிறதா? டிக்கெட் விற்று லாபம் பார்க்கவா வைத்தார்கள்? பேர் கிடைக்கும். அவ்வளவுதான். கணக்கில் அது விளம்பரச் செலவு.

கேம் கம்பெனிக்கும் அப்படித்தான். 'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்' என்று ஒரு விளையாட்டு. ரயட் கேம்ஸ் என்ற கம்பெனி 2009-இல் வெளியிட்டது. ஆடுவதற்குக் காசே வேண்டாம். விளையாட்டில் வரும் பாத்திரத்துக்குப் புதுச் சட்டை மாட்டிப் பார்க்கத்தான் காசு. சட்டை போட்டால் பலம் கூடாது, பார்க்க அழகாக இருக்கும். பட்டுப்புடவை மாதிரி! அதில்தான் கோடிக்கணக்கில் வருமானம். உலகப் போட்டியைப் பார்க்கிற பையன் மறுநாள் உற்சாகமாக வந்து ஆடுவான். ஆடுகிறவன் சட்டை வாங்குவான். 2011-இல் ஸ்வீடனில் நடந்த முதல் உலகப் போட்டிக்கு மொத்தப் பரிசு ஒரு லட்சம் டாலர். அடுத்த வருஷமே 20 லட்சம் டாலர் ஆக்கினார்கள். போட்ட காசு வேறு வழியில் திரும்பி வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

குழாய் அவர்கள் கையில்தான் இருக்கிறது. 'டோட்டா 2' என்ற விளையாட்டை நடத்தும் வால்வ் கம்பெனி ஒரு நல்ல யோசனை கண்டுபிடித்தது. ரசிகர்கள் விளையாட்டுக்குள் வாங்கும் ஒரு பொருளின் விலையில் கால் பங்கு பரிசுப் பணத்தில் சேரும். 2021-இல் அந்தப் பரிசு 4 கோடி டாலரைத் தாண்டியது. பிறகு கம்பெனி அந்தப் பொருளை விற்கும் முறையை மாற்றியது. 2023-இல் பரிசு சுமார் 30 லட்சம் டாலருக்கு வந்துவிட்டது. ஆட்டக்காரன் திறமை குறையவில்லை. கடையில் ஒரு சாமானை மாற்றி வைத்தார்கள், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் பையன் தானாகவே தன் கதையைச் சொன்னான். அவன் முதலில் ஆடியது பப்ஜி மொபைல். 2020 செப்டம்பரில் இந்திய அரசு அதைத் தடை செய்தது. 2021 ஜூலையில் கொரியாவின் கிராஃப்டன் கம்பெனி அதை பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்று வேறு பெயரில் கொண்டுவந்தது. ஒரு கோடி ரூபாய் பரிசுப் போட்டியெல்லாம் நடந்தது. இவன் டீம் சேர்த்தான். 2022 ஜூலை 28 ராத்திரி பார்த்தால், பிளே ஸ்டோரில் அந்த விளையாட்டே இல்லை. மறுபடியும் அரசுத் தடை. பத்து மாதம் கழித்து, 2023 மே கடைசியில்தான் திரும்ப வந்தது.

"அந்தப் பத்து மாசம் என்ன பண்ணின கண்ணு?" என்றேன்.

"சும்மா இருந்தேனுங்க மாமா. வேற கேம் ஆடிப் பார்த்தேன். இதுல இருந்த கை அதுக்கு வரலைங்க."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கேஸ் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். "அதைத்தானே நானும் சொல்றேன்! மைதானம் அவனுது, பந்து அவனுது, ரூலும் அவனுது. நாளைக்கே ரூலை மாத்தினா நீ என்ன பண்ணுவே?" உண்மையில் மாற்றவும் செய்கிறார்கள். 2016 ஆகஸ்டில் ரயட் கம்பெனி முக்கியப் போட்டிகள் நெருங்கும் நேரத்தில் விளையாட்டின் விதிகளை மாற்றியதாக டீம் முதலாளிகளே பகிரங்கமாகப் புகார் சொன்னார்கள்.

பையன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மெதுவாகக் கேட்டான்.

"அப்புச்சி வேலை பார்த்த மில்லு மட்டும் அப்புச்சியோடதுங்களா மாமா?"

நண்பர்களே, என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

என் அப்பா ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங் பிரிவில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தார். பெயர் வேண்டாம். நான் பி.காம். முடித்த சில வருஷத்தில் ஒரு நாள் காலை ஷிப்டுக்குப் போனவர், கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தார். ஏறி மிதித்து வரக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. என் அக்கா அதைத் தன் பிள்ளைக்குச் சொல்லி வளர்த்திருக்கிறது. நான் மறந்துவிட்டேன்.

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. அவன் கேட்டது நியாயம். நாம் யாரும் சொந்த மைதானத்தில் ஆடவில்லை. பேங்க் முதலாளியுடையது, சாப்ட்வேர் கம்பெனி அமெரிக்காக்காரனுடையது. அப்படியானால் இவனை மட்டும் தடுக்க எனக்கு என்ன உரிமை?

விடியற்காலையில்தான் ஒன்று பிடிபட்டது. மில் மூடிய பிறகு அப்பாவுக்கு என்ன ஆயிற்று? யூனியன் ஏழு வருஷம் போராடி கிராஜுவிட்டி வாங்கிக்கொடுத்தது. பி.எப். பணம் இருந்தது. இரண்டு மாதத்தில் பல்லடம் பக்கம் வேறொரு மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். ஏனென்றால் நூல் நூற்கும் வித்தை அந்த மில்லுக்குச் சொந்தமில்லை. அது அப்பாவின் கையில் இருந்தது. அதே மில்லின் வாலிபால் டீமில் ஆடிய இரண்டு பேரில் ஒருவர் ரயில்வேயில் சேர்ந்தார், இன்னொருவர் போலீஸில். மில் மூடினாலும் வாலிபால் மூடவில்லை. வாலிபாலுக்கு முதலாளி கிடையாது.

வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. மைதானம் பிறத்தியானுடையதாக இருக்கலாம். பந்தும் ரூலும் சேர்ந்து அவனுடையதாக இருந்தால், அவன் கதவைச் சாத்தும்போது நம் வித்தையையும் உள்ளே வைத்துச் சாத்திவிடுகிறான்.

காலையில் காபி குடிக்கும்போது பையனிடம் சொன்னேன். "ஆடாதேன்னு சொல்ல எனக்கு உரிமை இல்லை. மூணு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு. முதலாவது, உனக்குக் காசு தர்றவன் எழுத்துல ஒப்பந்தம் போடறானா? நிறுத்தினா எத்தனை நாள் நோட்டீஸ்னு அதுல இருக்கா? ரெண்டாவது, இந்தக் கேம் நாளைக்கே நின்னுட்டா, உன் கையில மிஞ்சற வித்தை என்ன? மூணாவது, எத்தனை வயசு வரைக்கும் ஆட முடியும், அதுக்கப்புறம் என்ன?"

முதல் கேள்விக்கு, இல்லை என்றான். மூன்றாவதுக்கு, இருபத்தைந்துக்கு மேல் கஷ்டம் என்றான். இரண்டாவது கேள்விக்கு மட்டும் நிறைய யோசித்தான். அவன் ஆடுவதோடு நிற்கவில்லை. போட்டி நடத்தத் தெரியும், நேரடி ஒளிபரப்பு செய்யத் தெரியும், வர்ணனை கொடுப்பான். இதெல்லாம் எந்த விளையாட்டுக்கும் உதவும். அதை ஒரு பேப்பரில் எழுதச் சொன்னேன். ஒரு பக்கம் நிறைந்தது. அக்காவிடம் காட்டினேன். அக்கா படித்துவிட்டு, "இதெல்லாம் இவனுக்குத் தெரியுமா?" என்றது. மகன் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்கிறான் என்று அதுவரை யாரும் கேட்கவில்லை. திட்டத்தான் திட்டியிருக்கிறோம்.

2025-இல் டிகிரி முடித்துவிட்டான். ஒரு வருஷம் அவகாசம் கேட்டான். அப்பா அம்மா ஒத்துக்கொண்டார்கள், நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு வருஷம் இன்னும் முடியவில்லை. ஜெயிப்பானா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. மாதம் பிறந்தால் வரவு செலவு எழுதி எனக்கு அனுப்புகிறான். பேரேடு சுத்தமாக இருக்கிறது. இந்தக் கல்லூரியில் படிக்காமலேயே இவ்வளவு நன்றாக எழுதுகிறானே என்று நம் பேராசிரியர்கள் பொறாமைப்பட வேண்டாம்.

இங்கே இருக்கும் நண்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் ஒரு பையனோ பெண்ணோ இப்படி வந்து நின்றால், "போய்ப் படி" என்று விரட்டாதீர்கள். "ஆசீர்வாதம்" என்று கண்ணை மூடிக்கொண்டு கையையும் தூக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். பந்து யாருடையது என்று இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். பார்க்கும்போது உங்கள் சொந்த வேலையைப் பற்றியும் அந்தக் கேள்வியை அவர்கள் கேட்பார்கள். பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நான் தயாராக இல்லாமல் போய் மாட்டிக்கொண்டேன்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சாப்பாடு ஆறிவிடும்.